அப்பா வாங்கிய வீடும் மகன் போடும் கணக்கும்

போன இதழில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இன்னும் பதினைந்து வருடத்தில் உங்கள் வாழ்க்கை உங்கள் அப்பா அம்மா வாழ்ந்ததைவிட நன்றாக இருக்குமா, மோசமாக இருக்குமா? முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும் எழுதுங்கள் என்றும் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அப்பாக்களும் அம்மாக்களும் எழுதியது. நம் ஆட்களிடம் ஒரு விதி போட்டால் அது இப்படித்தான் ஆகும். பரவாயில்லை, அவற்றிலும் இரண்டை எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே மலேசியாவில் முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். என் பதிலில் கணக்கு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. டிகிரி முடித்து செராஸில் வேலை, சம்பளம் 2,600 வெள்ளி (ரிங்கிட்). அப்பா லோரி ஓட்டியவர். 1994-இல் 78,000 வெள்ளிக்கு டெரஸ் வீடு வாங்கினார், அப்போது அவர் சம்பளம் 1,100. இன்று அதே வரிசையில் ஒரு வீடு 480,000-க்குப் போகிறது. என்னைப் பார்த்து, "காப்பிக்குப் பன்னிரண்டு வெள்ளி குடுத்தா எங்கிருந்து வீடு வாங்குவே?" என்கிறார். படித்தும் அவரைவிட மோசமாகத்தான் வாழப்போகிறேனா?
- பூச்சோங் வாசகர்

பதில்: முதலில் காப்பிக் கணக்கை முடித்துவிடுவோம். மாதம் 22 வேலை நாள், நாளுக்கு 12 வெள்ளி, ஆக 264. வருடத்துக்கு 3,168. அந்த வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் என்றால் 48,000. நீங்கள் காப்பியையே தொடாமல் பதினைந்து வருடம் இருந்தால் முன்பணம் மட்டும் சேரும், அதுவும் அதுவரை வீட்டு விலை அசையாமல் உட்கார்ந்திருந்தால். ஆக, காப்பி குற்றவாளி இல்லை. (ஆனாலும் தம்பி, பன்னிரண்டு வெள்ளி அநியாயம். மாமாக் கடையில் தே தாரிக் டீ கிடைக்கிறதே.)

இப்போது அப்பாவின் வீட்டையும் உங்கள் வீட்டையும் சம்பள மாதத்தால் அளந்து பாருங்கள். அவருக்கு அந்த வீடு 71 மாதச் சம்பளம். உங்களுக்கு அதே மாதிரி வீடு 185 மாதம். முன்பணம் அவருக்கு ஏழு மாதச் சம்பளம், உங்களுக்குப் பதினெட்டு மாதத்துக்கும் மேல். இதைப் பார்த்தால் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்தான், யாரும் உங்களைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அந்தக் காலத்து வட்டியை உங்கள் வயதுக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா 70,200 கடன் வாங்கி, வட்டி ஒன்பது விழுக்காடு, இருபத்தைந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் கிட்டத்தட்ட 590 வெள்ளி கட்டியிருப்பார். 1,100 சம்பளத்தில் 590! பாதிக்கும் மேலே. நான்கு வருடம் கழித்து 1998 நெருக்கடியில் வங்கி வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்த வருடம் எத்தனை அப்பாக்களின் முகத்தைப் பார்த்தேன், தெரியுமா? உங்களுக்கு இன்று நான்கு விழுக்காடு வட்டியில் 35 வருடத்துக்கு 432,000 கடன் கொடுத்தால் மாதம் 1,913 வரும். சம்பளத்தில் 74 விழுக்காடு. எந்த வங்கியும் தராது, தரவும் கூடாது.

ஆக உண்மை என்னவென்றால், உங்கள் நிலைமை அப்பாவுடையதைவிடக் கடினம்தான். ஆனால் அவருடையது சுலபமாக இருந்தது என்று நீங்கள் நினைப்பதும் தப்பு, நீங்கள் காப்பியில் தொலைக்கிறீர்கள் என்று அவர் நினைப்பதும் தப்பு. அந்த 590-ஐ அவர் எப்படிக் கட்டினார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? ஈப்போவுக்கு இரண்டு டிரிப் கூடுதலாக ஓட்டியிருப்பார், அம்மா வீட்டில் தையல் மிஷினை மிதித்திருப்பார், யாரோ மாமா முன்பணத்துக்குக் கைமாற்று கொடுத்திருப்பார். இது எதுவும் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நம் வீடுகளில் இதைச் சொல்வதே இல்லை. சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசுவோம், அடுத்த வீட்டுக் கல்யாணம் பேசுவோம், சம்பளச் சீட்டை மட்டும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். முதலில் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. நாம் வீடு தேடும் இடமெல்லாம் நம் தாத்தாக்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய இடம். பெட்டாலிங் ஜெயா 1950-களில் எஃபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்தது, சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேயும் சீஃபீல்டு தோட்டம். லயத்து வீட்டில் பிறந்து பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்தவருக்கு ஒரு டெரஸ் வீடு என்பது மலை ஏறிய மாதிரி. நீங்கள் பிறந்ததே அந்த மலைமேல். அங்கிருந்து அதே உயரத்தில் இன்னொரு இடம் பிடிப்பதுகூட உங்களுக்குக் கீழே இறங்குவது மாதிரித்தான் தெரியும். இதை நன்றி இல்லாத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நிற்கும் இடம் வேறு, அவ்வளவுதான்.

சரி, செய்ய வேண்டியது? டெரஸ் வீட்டைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். கூட்டரசுப் பிரதேசத்தில் ரெசிடென்சி விலாயா மாதிரி மலிவு விலை வீட்டுத் திட்டங்களில் உச்ச விலை 300,000. அதில் முழுக் கடன் எடுத்தாலும் நான்கு விழுக்காட்டில் 35 வருடத்துக்கு மாதம் 1,328. இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தமெல்லாம் போக உங்கள் கைக்கு வருவது 2,300-க்குச் சற்றுக் குறைவு, அதனால் இதுவும் தனி ஆளாக இன்று முடியாது. சம்பளம் 3,800, 4,000 ஆகும்போது முடியும். அதுவரை ஒன்றே ஒன்று, ஒன்பது வருடக் கடனில் கார் எடுக்காதீர்கள். ஐம்பது வெள்ளிக்கு மை50 பாஸ் இருக்கிறது, ரேபிட் கேஎல் ரயிலிலும் பஸ்ஸிலும் மாதம் முழுக்க ஏறி இறங்கலாம். பூச்சோங்கிலிருந்து செராஸ் சுற்றுவழிதான், காலையில் கசகசவென்று நிற்க வேண்டும், தெரியும். கூட்டாளிகள் எல்லாம் மைவி காரில் போகும்போது நீங்கள் ரயிலில் தொங்குவது கௌரவக் குறைச்சலாகவும் தெரியும். ஆனால் வீட்டுக் கடன் அதிகாரி உங்கள் கௌரவத்தைப் பார்க்க மாட்டார், மற்ற கடனுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்றுதான் பார்ப்பார்.

கேள்வி: நான் பாயான் லெப்பாசில் சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன், 23 வயது. எனக்கு எதிர்காலம் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. கூட்டாளிகள் "உலகம் தெரியாதவன்" என்று சிரிக்கிறார்கள். நான்தான் தப்பா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிகப் பேட்டை தொடங்கியபோது வேலைக்குப் போன பெண்பிள்ளைகள் நுண்ணோக்கியில் கண் வைத்துக் கம்பி ஒட்டினார்கள். இன்று அந்த வேலை ஆள் இல்லாமல் நடக்கிறது, அந்த மிஷினைப் பார்த்துக்கொள்வது நீங்கள். உங்கள் நம்பிக்கை அடுத்த மிஷின் வரும்போதும் நிற்க வேண்டுமானால், கம்பெனி எந்தப் பயிற்சிக்கு ஆள் கேட்டாலும் முதலில் கை தூக்குங்கள். சிரிக்கிற கூட்டாளிகளுக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுங்கள், வாய் நிறைந்தால் கொஞ்ச நேரம் சிரிப்பு நிற்கும்.

கேள்வி: வணக்கம் சகோதரி. என் மகனுக்கு 22 வயது. எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்துவிட்டு மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். "பத்து வருசம் கழிச்சு என்னடா ஆகப் போறே?" என்று கேட்டால், "நாளைக்கு மழை வருமான்னே தெரியல, பத்து வருசத்த கேக்குறீங்க" என்கிறான். எதிர்காலத்தைப் பற்றிக் கவலையே இல்லாத பிள்ளையை என்ன செய்வது?
- ரவாங்கிலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் மகன் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. மழை வந்தால் ஆர்டர் கூடும், ஆனால் சறுக்கி விழுந்தால் இரண்டு வாரம் சம்பளம் இல்லை. அவன் வாழ்க்கையில் மழைதான் எதிர்காலம். கவலை இல்லாத பிள்ளை பேசும் பேச்சாக இது தெரியவில்லை, கவலையை ஒரு நாளுக்கு மேல் நீட்ட முடியாத பிள்ளை பேசுகிறான்.

"என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் ஆண்பிள்ளைகள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். "இன்னைக்கு எவ்வளவு கிடைச்சது, பெட்ரோலுக்கு எவ்வளவு போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறப்பான். பல பிள்ளைகள் குறைந்தபட்ச சம்பளமான 1,700-ஐவிடக் கூடுதலாகவே சம்பாதிக்கிறார்கள், ஆனால் மோட்டார் தேய்மானம், டயர், போன் பில் எல்லாம் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. நீங்கள் இருவரும் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள்.

அவனுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, அதனால் இபிஎஃப்பில் போடவும் ஆள் இல்லை. அதற்காகவே ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. அவனாகப் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துப் போடுகிறது, வருடத்துக்கு 500 வெள்ளி வரை, ஆயுளுக்கு மொத்தம் 5,000 வரை. 2,500 போட்டால் முழு 500-உம் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஏழு வெள்ளி, ஒரு தூரத்து டெலிவரிக் கூலி. மாதம் 208 வெள்ளி வீதம் இன்று தொடங்கி அறுபது வயது வரை போட்டு, ஈவு ஐந்து விழுக்காடு வந்தால், 280,000-க்குப் பக்கத்தில் நிற்கும். 2023-இல் இபிஎஃப் 5.5 விழுக்காடு கொடுத்தது, 2024-இல் 6.3. விழுந்தால் எழுவதற்குச் சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பு இருக்கிறது, அதற்கான சட்டம் 2017-இலேயே வந்துவிட்டது. இவனைப் போல முதலாளி இல்லாமல் வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் ஒன்றும் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. இவன் பெயர் சொக்சோவில் இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருடக் கேள்வியை அப்புறம் கேட்கலாம்.

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் போய்விடலாமா? இங்கே 2,200 தருகிறார்கள். அங்கே அதே வேலைக்கு 2,200 சிங்கப்பூர் வெள்ளி.
- செந்தூல், வயது 24

பதில்: ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. போகிறவர்கள் மறந்துபோகும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே சிபிஎஃப் (நம் இபிஎஃப் மாதிரி) என்பது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். உங்களுக்கு முதலாளி எதுவும் போட மாட்டார். இங்கே உங்கள் சம்பளத்தில் நீங்கள் போடும் 11 விழுக்காட்டோடு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார், அதை நீங்கள் பார்த்ததே இல்லை என்பதால் அது உங்கள் சம்பளம் இல்லை என்று ஆகிவிடாது. போங்கள், ஆனால் மாதாமாதம் உங்கள் இபிஎஃப் கணக்கில் நீங்களே போடுங்கள். பத்து வருடம் அங்கே உழைத்துவிட்டுக் காரும் கைக்கடிகாரமுமாகத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஜொகூரில் தங்கித் தினம் பாலத்தைக் கடக்கிற யோசனை இருந்தால், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. பிபிஆர் (அரசாங்க மலிவு வாடகை) பிளாட்டில் ஆறு பேர் இருக்கிறோம். என் கனவு கதவு உள்ள சொந்த அறை. கூட்டாளிகளிடம் சொன்னால் "இவ்வளவுதானா?" என்கிறார்கள், அம்மாவிடம் சொன்னால் "பேராசை" என்கிறார். எஸ்பிஎம் நல்ல தேர்ச்சி. எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கத் தேர்வு) படிப்பதா, ஒரு தனியார் கல்லூரி ஏஜெண்டு சொல்கிற டிப்ளோமாவில் சேருவதா?
- கோலாலம்பூர் வாசகி

பதில்: உன்னை நீ என்றே சொல்கிறேன் கண்ணு, என் மகளைவிடச் சின்னவள்.

எதிர்காலத்தைப் பற்றி எழுதிய எல்லாருமே வீடு, கார், ஜப்பான் டூர் என்று எழுதினார்கள். நீ ஒரு கதவு கேட்டிருக்கிறாய். நானும் செந்தூலில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள், படிப்பதற்கு எனக்குக் கிடைத்த இடம் குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடைபாதை. அண்ணன் குளிக்கப் போகும்போதெல்லாம் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் கதவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும். 124 வெள்ளி வாடகையில் மூன்று அறை, அதில் ஆறு பேர். அந்த வாடகையை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். பேராசை என்ற வார்த்தை அந்தப் பயத்திலிருந்து வந்தது. அவரிடம் கோபப்படாதே.

படிப்புக்கு வருவோம். ஏஜெண்டு உன்னிடம் கட்டணம் எவ்வளவு என்று சொல்லியிருக்க மாட்டார், "பிடிபிடிஎன் பாத்துக்கும்" என்று சொல்லியிருப்பார். பிடிபிடிஎன் பார்த்துக்கொள்ளாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அது அரசாங்கம் தரும் படிப்புக் கடன். வருடத்துக்கு ஒரு விழுக்காடுதான் கட்டணம், மோசமான கடன் இல்லை, ஆனால் மதிப்பில்லாத ஒரு டிப்ளோமாவுக்கு வாங்கினால் ஒரு விழுக்காடும் அதிகம். எங்கள் குடும்பத்திலேயே ஒரு பிள்ளை இப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் வருடம் பாதியில் அந்தப் படிப்பையே மூடிவிட்டார்கள். கடன் மட்டும் மூடவில்லை.

எஸ்டிபிஎம் ஒன்றரை வருடம், அரசாங்கப் பள்ளியில் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணமும் தனியாரோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். கஷ்டமான பரீட்சை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உன் தேர்ச்சிக்கு நான் அதைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் பிடிபிடிஎன் எடுத்து முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டவே வேண்டாம், அதற்கு விலக்கு இருக்கிறது. அப்புறம், வெளியூர்ப் பல்கலைக்கழகமாகப் பார்த்து எழுது. விடுதி அறையில் இன்னொருத்தி இருப்பாள், ஆனாலும் அதற்குக் கதவு உண்டு.

கேள்வி: எனக்கு 28 வயது. கல்யாணம், பிள்ளை எதுவும் வேண்டாம் என்று முடிவு. வாழ்க்கைத் தரம் அதில்தான் கூடும். அம்மா அழுகிறார். கல்யாணம் என்றால் 60,000 வெள்ளி பெர்சனல் லோன், என் அண்ணன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.
- பெட்டாலிங் ஜெயா வாசகர்

பதில்: பிள்ளை வேண்டும், வேண்டாம் என்பதில் நான் தலையிட மாட்டேன். நீங்கள் தனி ஆள் இல்லை, இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்குக் கீழே போய்ப் பல வருடமாகிறது, நம் இந்தியர்களிடம் அதைவிடவும் குறைவு. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கல்யாணச் செலவைப் பற்றித்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

அண்ணனின் கடனைப் பார்ப்போம். 60,000, பத்து வருடம், ஃபிளாட் ரேட்டில் (வருடா வருடம் முழுக் கடனுக்கும் வட்டி) ஐந்து விழுக்காடு என்றால் வட்டி மட்டும் 30,000. மாதம் 750, நூற்றிருபது மாதம். மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டுவிட்டு மட்டன் பிரட்டலில் உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனதற்கு, பிறக்கும் பிள்ளை நான்காம் வகுப்பு போகும் வரை கட்டுவது. இதற்குப் பயந்து ஒருவன் கல்யாணமே வேண்டாம் என்றால் அவனைச் சுயநலம் என்று திட்டுகிறோம், மண்டபத்தை யாரும் திட்டுவதில்லை. கோயிலில் தாலி கட்டி, நூறு பேருக்கு வாழை இலையில் சாப்பாடு போட்டு முடித்த ஜோடிகளை எனக்குத் தெரியும். அவர்களும் புருஷன் பெண்டாட்டிதான்.

கூட்டு (சீட்டு) கட்டிச் சமாளிக்கலாம் என்று சில அம்மாக்கள் சொல்வார்கள். நம் தமிழ்ச் சொல்லையே தலைப்பில் வைத்து இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, 1971-ஆம் வருடத்துக் கூட்டு நிதித் தடைச் சட்டம். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை! கூட்டுத் தலைவி ஓடிப்போனால் போலீசில் போய் எதைச் சொல்வீர்கள்?

அம்மாவிடம் போய், "எனக்குக் கடன்தான் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அழுகை நின்றால், பேச வேண்டியது வேறு. நிற்காவிட்டால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: மதிப்பிற்குரிய சகோதரிக்கு, எனக்கு 56 வயது. கோவிட் காலத்தில் வேலை போய், இபிஎஃப் பணத்தை எடுத்து எடுத்துக் குடும்பத்தை ஓட்டினேன். இன்று கணக்கில் 31,000 வெள்ளிதான் இருக்கிறது. செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். மூன்று பிள்ளைகளும் வேலையில் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பது தப்பா? தொகை இவ்வளவுதான் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தங்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.
- கிள்ளான் வாசகர்

பதில்: ஐயா, முதலில் ஒன்று. நீங்கள் பணத்தைச் சூதாடவில்லை, பிள்ளைகளுக்குச் சோறு போட்டீர்கள். 2020-இலிருந்து 2022 வரை நான்கு சுற்றாக மக்கள் இபிஎஃப்பிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. அந்த வரிசையில் நின்ற இலட்சக்கணக்கான ஆட்களில் நீங்களும் ஒருவர்.

ஆனால் கணக்கைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்லது செய்தவள் ஆக மாட்டேன். ஐம்பத்தைந்து வயதில் குறைந்தது 240,000 இருக்க வேண்டும் என்று இபிஎஃப் பல வருடம் சொல்லி வந்தது. மாதம் 1,000 வீதம் இருபது வருடத்துக்கு என்ற கணக்கு அது. இன்றைய விலைவாசிக்கு அதுவே போதாது. உங்களுடைய 31,000 அதே ஆயிரம் வீதத்தில் முப்பத்தொரு மாதம் வரும். அதனால் பிள்ளைகளை நம்பியிருப்பது தப்பா சரியா என்ற கேள்வியே எழவில்லை, நம்பித்தான் இருக்கிறீர்கள். அது அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் தப்பு.

யோசித்துப் பாருங்கள். மூத்தவர் இந்நேரம் வீட்டுக் கடனுக்கு மனு போட்டுக்கொண்டிருக்கலாம், அடுத்தவர் ஒன்பது வருடத்துக்குக் கார் எடுக்கலாம். அந்தக் கணக்கில் அப்பாவுக்கு மாதம் முந்நூறு, நானூறு என்று ஒரு வரி இல்லை. இன்னும் நான்கைந்து வருடத்தில் நீங்கள் நிற்க முடியாமல் உட்காரும்போது அந்த வரி திடீரென்று வந்து விழும். அப்போது மருமகள் முகத்தைச் சுளித்தால் அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

என் கதையைச் சொல்கிறேன். என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சம்பள நாளன்று வீட்டுக்கு எரிச்சலோடுதான் வருவார். ஆறாம் வகுப்பில் நான் சைக்கிள் கேட்டேன், பளாரென்று ஒன்று விழுந்தது. இந்த மனுஷன் கஞ்சன் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன், இருபது வருடம் அந்த முடிவில்தான் இருந்தேன். அவர் ஓய்வு பெற்றபோது பென்ஷன் விஷயமாகப் பழைய சம்பளச் சீட்டுகளை என்னிடம்தான் கொடுத்தார், வங்கியில் வேலை பார்க்கிற மகள் இல்லையா. ஒவ்வொரு சீட்டிலும் கூட்டுறவுக் கடன் பிடித்தம் மூன்று. ஒன்று அத்தையின் கல்யாணத்துக்கு, ஒன்று தாத்தாவின் கண் ஆப்பரேஷனுக்கு, மூன்றாவது எதற்கு என்று கேட்டதற்கு, "ஒனக்கு டைப்பிங் ஸ்கூல் பீஸ் கட்டுனது யாருன்னு நெனச்சே?" என்றார். ஊராருடைய கணக்கையெல்லாம் தினமும் பார்த்தவள், என் வீட்டுக் கணக்கை அன்றுதான் பார்த்தேன். சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சைக்கிள் கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதானே.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு மூன்று பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். மருமகள் இருந்தால் அவரையும். இபிஎஃப் ஸ்டேட்மெண்டை மேசைமேல் வையுங்கள். நீங்கள் உடம்பு முடிகிற வரை வேலை பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60, அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மூவரும் ஆளுக்கு நூறு வெள்ளி மாதாமாதம் உங்கள் இபிஎஃப் கணக்கிலேயே போடலாம், கையில் கொடுத்தால் பேரனுக்குப் பொம்மையாகிவிடும். உங்களுக்குக் கடன் ஏதும் இருந்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள், 2006-இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பேச்சைத் தொடங்குவதுதான் கஷ்டம் என்று தெரியும். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வையுங்கள். முதல் எண்ணாக 31,000 என்று நீங்களே எழுதுங்கள். பேனாவை மூத்தவரிடம் கொடுங்கள்.

*(கார் கடன் பற்றி மட்டும் பதினேழு கேள்விகள் வந்திருக்கின்றன. அடுத்த இதழ் முழுக்க அதுதான். எழுதுகிறவர்கள் சம்பளம், மாதத் தவணை இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.)*